தோளில் ஒரு தழும்பு

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் காசநோயைத் தடுக்க பி.சி.ஜி. தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போட்ட இடம் சில வாரங்களில் சிறு புண்ணாகிப் பின் தானே ஆறுகிறது. அங்கே ஒரு தழும்பு தங்கிவிடுகிறது. மாணவர் பலரின் இடது தோளருகே இதனைக் காணலாம். அவர்கள் பெற்ற முதல் தழும்பு பெரும்பாலும் இதுவே.

தோலில் மேல்தோல், அடித்தோல் என இரு முக்கிய அடுக்குகள் உள்ளன. மேல்தோலில் மட்டும் ஏற்படும் சிராய்ப்பு பொதுவாகச் சுவடின்றி ஆறிவிடும். காயம் அடித்தோலின் ஆழத்தை எட்டினால், உடல் அவ்விடத்தைக் கொலாஜன் என்னும் புரத நாரினால் விரைந்து அடைக்கிறது. இயல்பான தோலில் இந்நார்கள் கூடை முடைந்ததுபோல் பின்னிக் கிடக்கும். தழும்பிலோ ஒரே திசையில் நெருங்கிப் படியும். அங்கு முடி முளைப்பதில்லை. வியர்வைச் சுரப்பிகளும் இருப்பதில்லை. அதனால்தான் தழும்பு தனித்துத் தெரிகிறது. அது மென்மையாகி மங்குவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

எல்லாத் தழும்புகளும் ஒரே வகையின அல்ல. முகப்பருவைக் கிள்ளினால் குழிகள் விழலாம். சில தழும்புகள் தடித்தாலும் காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும். ‘கெலாய்டு’ என்னும் வகையோ அவ்வெல்லையைத் தாண்டி வளரும். காது குத்திய இடத்திலும் மார்பிலும் தோளிலும் இது தோன்றுவதுண்டு. இதனை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரக்கூடும். ஆகவே, தோல் மருத்துவர்கள் ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் ஒட்டுத்தாள், லேசர் முதலியவற்றைத் தேவைக்கேற்பப் பயன்படுத்துகின்றனர். இச்சிகிச்சைகள் தழும்பைத் தட்டையாக்கும்; மங்கச் செய்யும்; ஆனால், முற்றாக அழிப்பதில்லை. சில நாளில் தழும்பு மறைந்துவிடும் என்று கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கக்கூடாது.

தொடக்கத்தில் எடுக்கும் கவனமே பெரிதும் உதவும். சூடு பட்டவுடன் பற்பசை பூசாமல், குளிர்ந்த குழாய்நீரை 20 நிமிடம் அவ்விடத்தில் ஓடவிட வேண்டும். வெட்டுக்காயத்தைக் கழுவி மூடிவைக்க வேண்டும். பொருக்கைப் பிய்க்கக்கூடாது. வெயில் பட்டால் புதிய தழும்பு கருக்கும். ஆகவே, அதனை மறைத்துக் காப்பது நன்று.

தீக்காயத் தழும்பை மறைப்பதற்காகவே புழுக்கத்திலும் நீண்ட கைச்சட்டை அணியும் மாணவர்கள் உண்டு. வெயிலைவிடச் சக மாணவரின் கேலிக்கே அவர்கள் அஞ்சுகின்றனர். தமிழில் ‘வடு’ என்னும் சொல் தழும்பையும் குறிக்கும், பழியையும் குறிக்கும். எனினும், உடலில் உள்ள வடு எவர்க்கும் பழியாகாது. காயம் ஆறியதற்கு அதுவே சான்று. பிறர் தழும்பைக் கேலி செய்ய எண்ணுவோர், முதலில் தம் தோளை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.