மீண்டெழும் கணினி

நுழையும்முன்

பழுதான கணினிக்கு மாற்றாகப் புதிய கணினியை வாங்கலாம். அதனுள் இருந்த உழைப்பை வாங்க இயலாது. அவ்வுழைப்பைக் காக்க, வன்தட்டு முழுவதையும் படிமமாக எடுத்துவைக்கும் முறை வழக்கில் உள்ளது. அப்படிமத்தைக் கொண்டு கணினியை மீட்கும் நெறியையும், காப்பு நகல்களே அழிந்துபோகும் சூழலையும் இப்பாடம் விளக்குகிறது.

நகலும் படிமமும்

கணினியின் முதன்மை வன்தட்டில் நாம் உருவாக்கிய கட்டுரைகளும் ஒளிப்படங்களும் மட்டும் இருப்பதில்லை. இயக்க அமைப்பு, நிறுவிய மென்பொருள்கள், அவற்றுக்கு நாம் செய்த அமைவுகள், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல் ஆகியனவும் அதிலேயே உள்ளன. தொடக்க நிரல் சிதைந்துவிட்டால், கோப்புகள் அனைத்தும் நலமாக இருப்பினும் இயக்க அமைப்பு தொடங்காது.

கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்து வைத்தால் அக்கோப்புகள் மட்டுமே மிஞ்சும். இயக்க அமைப்பின் கோப்புறையை அவ்வாறே நகலெடுத்து வேறொரு தட்டில் இட்டாலும், கணினி அத்தட்டிலிருந்து தொடங்காது. தொடக்கப் பகுதியும் தட்டின் பிரிவுகளைக் காட்டும் அட்டவணையும் அக்கோப்புறையில் அடங்காமையே அதற்குக் காரணம். படிமமோ, பிரிவுகள், தொடக்கப் பகுதி, தரவுகள் ஆகிய அனைத்தையும் ஒழுங்கு மாறாமல் பதிந்துகொள்கிறது. பயன்படுத்தாத இடங்களை விடுத்து, தரவுகளைச் சுருக்கிச் சேமிப்பதால், அது பெரும்பாலும் தட்டின் கொள்ளளவைவிடச் சிறிதாகவே அமைகிறது.

மீட்கும் முறை

இயங்கிக்கொண்டிருக்கும் இயக்க அமைப்பு, தான் தங்கியுள்ள தட்டைத் தானே முழுவதுமாக அழித்தெழுத இயலாது. ஆகவே, கணினியை வெளியிலிருந்து தொடங்கவேண்டும். இதற்கெனப் பென் டிரைவில் ஒரு மீட்பு ஊடகத்தை, கணினி நலமாக இருக்கும்போதே உருவாக்கி வைத்தல் நன்று.

முதலில், பழுதான தட்டில் படிக்க இயலும் புதிய கோப்புகள் இருப்பின் அவற்றை வேறிடத்துக்கு மாற்றவேண்டும். பின்னர் மீட்பு ஊடகத்தால் கணினியைத் தொடங்கி, படிமம் உள்ள வெளித்தட்டை இணைத்து, படிமம் பிழையின்றி உள்ளதா எனச் சரிபார்க்கவேண்டும். அதன்பிறகே இலக்குத் தட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இவ்விடத்தில் பெருங்கவனம் தேவை. இலக்காகக் குறிக்கும் தட்டில் உள்ளவை அழிக்கப்படும். தவறிப் படிமம் உள்ள தட்டையே குறித்துவிட்டால் இரண்டையும் இழக்க நேரும். தட்டின் பெயரையும் கொள்ளளவையும் ஒப்பிட்டு உறுதிசெய்தபின் பணியைத் தொடங்கலாம்.

பணி முடிந்ததும் மீட்பு ஊடகத்தை நீக்கிக் கணினியை மீண்டும் தொடங்கினால், படிமம் எடுத்த நாளில் இருந்த நிலை திரும்பிவிடும். அந்நாளுக்குப் பின் செய்தவை அதில் இரா. எனவே, அன்றாடக் கோப்புகளை அவ்வப்போது தனியே சேமித்தலும் இன்றியமையாதது.

கானாவில் எஞ்சிய தரவு

2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்னும் தீம்பொருள் உலகின் பல நிறுவனங்களைத் தாக்கியது. உக்ரைனில் பயன்பாட்டில் இருந்த கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியே அது பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அதற்குத் தப்பவில்லை. மும்பைக்கு அருகிலுள்ள ஜவகர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனக் குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது.

அந்நிறுவனத்தின் சேவையகங்கள் பலவற்றுக்குக் காப்பு நகல்கள் இருந்தன. ஆனால், வலையமைப்பில் யார் எதைப் பயன்படுத்தலாம் என வரையறுக்கும் ஆளுகைச் சேவையகங்களுக்குத் தனிக்காப்பு கிட்டவில்லை. ஏறத்தாழ 150 சேவையகங்கள் ஒன்றன் தரவை ஒன்று ஏற்று ஒத்திசைந்து இயங்கியமையால், ஒன்று பழுதானால் மற்றொன்று உதவும் எனக் கருதியிருந்தனர். எல்லாம் ஒரே வலையமைப்பில் இருந்ததால் அனைத்தும் ஒருங்கே அழிந்தன. கானா நாட்டில் இருந்த ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதலின்போது அங்கு மின்சாரம் தடைப்பட்டு, அச்சேவையகம் வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததே காரணம். அதன் தரவு இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுவரப்பட்டது. 4,000 சேவையகங்களும் 45,000 கணினிகளும் பத்தே நாளில் மீண்டும் நிறுவப்பட்டன என அந்நிறுவனத் தலைவர் பின்னர் தெரிவித்தார்.

காப்பின் நெறிகள்

மேர்ஸ்க் நிறுவனத்துக்குத் தற்செயலாகக் கிட்டிய காப்பை நாம் திட்டமிட்டே அமைத்துக்கொள்ள முடியும். படிமம் எடுத்ததும் வெளித்தட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிடவேண்டும். மற்றொரு படியை வேறு கட்டடத்தில் வைத்தல், தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறையேனும் உதிரித் தட்டு ஒன்றில் படிமத்தை மீட்டுப் பார்க்கவேண்டும். அவ்வாறு மீட்டுப் பார்த்த படிமத்தையே இடர்க்காலத்தில் நம்பமுடியும்.

தெரிந்து தெளிவோம்

தரவின் மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், வேறிடத்தில் ஒரு படி என்னும் நடைமுறை ‘3-2-1 விதி’ எனப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. கோப்பு நகலுக்கும் படிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.
2. ‘ஒத்திசைவு காப்பாகாது’ - மேர்ஸ்க் நிறுவன நிகழ்வைக் கொண்டு நிறுவுக.
3. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்கு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் கலந்துரையாடுக.