மறுக்கப்பட்ட விசாவை மறைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 66. மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். 2019-ல் விசிட்டர் விசா கேட்டு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனேன், மறுத்துவிட்டார்கள். இப்போது பேத்தியைப் பார்ப்பதற்காக மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். ஏஜென்ட்தான் படிவத்தை நிரப்பினார். முன்பு விசா மறுக்கப்பட்டதா என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறார். கேட்டால், "உண்மையைச் சொன்னால் திரும்பவும் ரிஜெக்ட்தான், அப்படியே விடுங்கள்" என்கிறார். நேர்காணலுக்கு மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்வது, ஐயா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அப்படியே விடாதீர்கள். 2019-ல் எந்தப் பிரிவில் மறுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அன்று கையில் கொடுத்த தாளைப் பத்திரப்படுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். சுற்றுலா விசா மறுப்புகளில் பெரும்பாலானவை அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவில் வருபவை. விசிட்டர் விசா கேட்கும் எவரும் அங்கேயே தங்கிவிடுவார் என்று அந்தப் பிரிவு அனுமானிக்கிறது. திரும்பி வருவேன் என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரர் பொறுப்பு. இந்த மறுப்பு அந்த ஒரு விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். மறுபடி விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் விசா பெறுவதற்காக முக்கியமான ஒன்றைத் தெரிந்தே மாற்றிச் சொன்னால் பாய்வது அதே சட்டத்தின் 212(ஏ)(6)(சி) பிரிவு. அது விதிக்கும் நுழைவுத் தடைக்குக் காலவரம்பு கிடையாது. விலக்குக் கேட்க வழியுண்டு, கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். உங்கள் வழக்கை முடிவு செய்யப்போவது பழைய மறுப்பு அல்ல, இந்த 'இல்லை'தான்.

ஏஜென்ட் செய்த தவறுக்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்பீர்கள். வேறொருவர் உதவியிருந்தாலும் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் மின்கையொப்பம் இட வேண்டியவர் விண்ணப்பதாரர்தான்; எல்லாம் உண்மை என்று உறுதி சொல்வதும் அவர் பெயரில்தான். யாராவது நிரப்ப உதவினார்களா என்றும் அதே படிவம் கேட்கிறது; அங்கும் 'இல்லை' என்று போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தெரியாமல் நடந்த பிழை வேறு, தெரிந்தே சொன்ன பொய் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பது உண்மை. ஆனால் உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அந்தப் படிவத்தோடு நேர்காணல் ஜன்னல் முன் நின்றால் அறியாமை என்ற வாதம் எடுபடாது. 'ஆமாம்' என்றால் மறுப்பார்கள் என்பதும் சரியல்ல. 2019-ல் உங்கள் விரல்ரேகை எடுத்திருப்பார்கள், பதிவு அவர்களிடமே இருக்கிறது. நீங்கள் மறைத்தாலும் அதிகாரியின் திரையில் அது தெரியும். மறைத்த பழைய மறுப்பு முக்கியமான விஷயமே அல்ல என்று வாதாட இடமிருக்கலாம். ஆனால் அந்த வாதத்தைக் கேட்க மேல்முறையீட்டு மன்றம் இல்லை. தூதரக அதிகாரியின் விசா முடிவில் நீதிமன்றம் பொதுவாகத் தலையிடாது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-லும் உறுதிசெய்தது.

சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த முடியாது. புதிதாக ஒன்று நிரப்பலாம். மறுப்புக் கேள்விக்கு 'ஆமாம்' என்று போட்டு, விளக்கம் கேட்கும் கட்டத்தில் ஆண்டையும் ஊரையும் எழுதுங்கள். புதிய உறுதிச்சீட்டு எண்ணை நேர்காணல் பதிவிலும் மாற்ற வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். நேர்காணலில் அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே முந்தைய படிவத்தின் பிழையைச் சொல்லிவிடுங்கள். அவர் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொள்வதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்கள் பெயரில் அனுப்பிய படிவத்தின் நகல்கூட உங்களிடம் இருப்பதாகத் தெரியவில்லை. வீட்டுப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவீர்களா? படிவத்தை ஏஜென்டிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருந்தது பெரிய தவறு. இன்றே அவரிடமிருந்து விண்ணப்ப எண், முழுப் படிவ நகல், கட்டண ரசீது மூன்றையும் வாங்குங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான பதில் இது. புதிய படிவத்தை அனுப்பும் முன், இந்தத் தாள்களோடு, அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் தொழில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரத்திலேயே நேரில் பாருங்கள்.