விதையில் பாதிதான் எண்ணெய்



திருக்குர்ஆனின் 80-வது அத்தியாயமான ‘அபஸ’, மனிதனைத் தான் உண்ணும் உணவைப் பற்றிச் சிந்திக்கச் சொல்கிறது. மழையையும் பிளந்து முளைவிடும் நிலத்தையும் சொல்லி, தானியம், திராட்சை, ஜைத்தூன், பேரீச்சை என்று வரிசையாக நினைவூட்டுகிறது. இவை நமக்கும் நம் கால்நடைகளுக்கும் உரியவை என்றும் சொல்கிறது. இந்த இதழில் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டிருப்பது எண்ணெய் விதைகள். அவற்றில் நமக்கு எது வந்து சேர்கிறது, கால்நடைக்கு எது போய்விடுகிறது என்பதுதான் இன்றைய பாடம்.

விதைக்குள் எண்ணெய் எதற்கு?

விதை முளைத்து, இலை விட்டு, வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கும்வரை அதற்குக் கட்டுச்சோறு வேண்டும். நெல்லும் கோதுமையும் அதை மாவாகச் சேர்த்து வைக்கின்றன. நிலக்கடலையும் எள்ளும் எண்ணெயாகச் சேர்த்து வைக்கின்றன. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தரும். எள் போன்ற சிறிய விதைக்கு எண்ணெய்தான் இடம் அடைக்காத கட்டுச்சோறு.

100 கிராம் விதையில் உள்ள சத்து (தோராயமாக):

நிலக்கடலைப் பருப்பு: எண்ணெய் 40 கிராம், புரதம் 24 கிராம்.
எள்: எண்ணெய் 43 கிராம், புரதம் 18 முதல் 21 கிராம், சுண்ணாம்புச் சத்து 1,200 மில்லிகிராமுக்கு மேல்.
பூசணி விதைப் பருப்பு: எண்ணெய் 47 கிராம், புரதம் 25 கிராமுக்கு மேல்.
கொப்பரை: எண்ணெய் 62 கிராம், புரதம் 7 கிராம்.
கொள்ளு: எண்ணெய் 1 கிராமுக்கும் குறைவு, புரதம் 22 கிராம்.

நம் பன்னீர் திராட்சையின் கொட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் உண்டு. ஏலக்காயில் இருப்பது மணம் தந்து ஆவியாகிற எண்ணெய். அது உணவுக் கணக்கில் வராது. நபிமொழியில் சிறப்பித்துச் சொல்லப்பட்ட கருஞ்சீரகத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் உண்டு. ஆனால் அது சிறிய அளவில் எடுத்துக்கொள்வது. கடலை, எள்ளின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

செக்கில் என்ன நடக்கிறது?

ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்கச் செக்கில் சுமார் இரண்டரை கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். அந்தப் பருப்பில் ஏறக்குறைய 600 கிராம் புரதம் இருக்கிறது. உழைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஆக, அது ஒரு பெண்ணுக்கு 13 நாள் புரதம். அதில் ஒரு கிராம்கூட எண்ணெய் டப்பாவுக்குள் வருவதில்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான். எல்லாம் புண்ணாக்கில் தங்கி மாட்டுத் தொட்டிக்குப் போகின்றன. எண்ணெய் உடலுக்குத் தேவையான சக்தியைத் தருகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரத்தமும் சதையும் எலும்பும் வளர எண்ணெய் மட்டும் போதாது.

இதை உணர்ந்துதான் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்கும் சேர்த்து ‘பல்நோக்கு உணவு’ என்ற சத்துமாவை உருவாக்கியது. அது மனிதர் உண்பதற்கென்றே சுத்தமாகத் தயாரித்த மாவு. மாட்டுக்கு விற்கும் புண்ணாக்கை நாம் உண்ணக் கூடாது. விதையையே உண்பதுதான் நமக்கு வழி.

யாருக்கு இது அவசியம்?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. விடியும் முன்னே ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் நம் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். காலையில் டீயும் பன்னும், மதியம் தூக்குவாளிச் சோறு, மாலையில் மறுபடியும் டீ. அந்தச் சாப்பாட்டில் புரதமும் இரும்புச் சத்தும் எங்கே இருக்கின்றன?

ஒரு கைப்பிடி நிலக்கடலையில் (30 கிராம்) 7 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு எள்ளுருண்டைக்குப் போகும் 20 கிராம் எள்ளில் 240 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது; இரும்புச் சத்தும் கணிசமாக உண்டு. தூக்குவாளியோடு ஒரு பொட்டலம் எடுத்துப்போக முடியாதா?

எப்படிச் சாப்பிடுவது?

எள்ளை வறுத்து அல்லது இடித்துச் சாப்பிட வேண்டும். முழுதாக விழுங்கினால் பெரும்பகுதி செரிக்காமல் போய்விடும். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்புச் சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கடலை தரக் கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும், பொடித்துக் கொடுங்கள். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

எல்லா விதையும் உணவல்ல

போடி, வருசநாடு பக்கம் இலவம் மரங்கள் நிறைய இருக்கின்றன. இலவம் விதையிலும் ஆமணக்கிலும் வேம்பிலும் எண்ணெய் உண்டு. ஆனால் அவை நம் உணவல்ல. 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்துவிட்டதால் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். விலை மலிவு என்று பெயர் தெரியாத சில்லறை எண்ணெயை வாங்க வேண்டாம்.

பூஞ்சை பிடித்த கடலையும் ஆபத்து. 1960-இல் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவானாலும் ‘வீணாகிறதே’ என்று பார்க்காமல் தூக்கி எறியுங்கள்.

நாம் செய்யக்கூடியது

ரமலான் வந்தால் அரிசி, சீனி, பருப்போடு இரண்டு லிட்டர் எண்ணெயும் வைத்துப் பொருட்பை கொடுப்பது நம் ஊர்களில் வழக்கம். ரேஷன் கடையில் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எனவே ஏழைக் குடும்பத்தில் எண்ணெயைவிடப் புரதமும் இரும்புச் சத்தும்தான் பெரிய குறை. இரண்டு லிட்டரில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தில் நல்ல நிலக்கடலையும் எள்ளும் வாங்கிப் பையில் வைப்போம். செலவு கூடாது, பலன் கூடும். ஸதகா கொடுக்கும் செல்வந்தர்களும் பை கட்டும் இளைஞர்களும் இதை மஷூராவில் பேசி முடிவெடுக்க வேண்டுகிறோம்.

நாம் கொடுப்பது பசியை மட்டும் ஆற்றாமல் உடலையும் வளர்க்கும் உணவாக அமைய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.