குழாய்க் கணக்கும் பெருந்தமனியும்

ஓய்வு பெறும்வரை நான் பார்த்த வேலை, குடிநீர்க் குழாய்களில் ஓட்டத்தைக் கணக்கிடுவது. இரண்டாண்டுகளுக்கு முன் டோம்பிவிலியில் இருக்கும் என் அத்தானுக்கு (வயது 71) வேறொரு தொல்லைக்காக வயிற்றில் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். பெருந்தமனியில் 4.2 செ.மீ. அளவுக்குப் புடைப்பு இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. 'அனியூரிசம்' என்று டாக்டர் எழுதியிருந்தார். வலி எதுவும் இல்லை.

"மாப்ளே, இது உன் டிபார்ட்மெண்ட்தானே? குழாய் ஏன் உப்புது?" என்றார் அத்தான்.

யோசிக்காமல் பதில் சொன்னேன். "பெர்னோலி தத்துவம், அத்தான். குழாய் அகலமானால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அழுத்தம் கூடும். அதனால் இன்னும் உப்பும்."

ஒரு மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். அத்தான் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாராம். "ரத்தம் வேகமா ஓடினா அழுத்தம் குறையும்னு நீதானே சொன்னே" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார். அன்றிரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். அந்தக் கணக்கை நம் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வயிற்றில் பெருந்தமனியின் விட்டம் ஏறத்தாழ 2 செ.மீ. அது 3 செ.மீ.க்கு விரிந்தால் புடைப்பு என்பார்கள். இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1060 கிலோ. வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டம் முழுவதும் நின்றே போனாலும் பெர்னோலி கணக்குப்படி கூடும் அழுத்தம் வெறும் 4 மி.மீ. பாதரசம்தான். இதயம் சுருங்கும்போது உள்ளே இருப்பதோ 120 மி.மீ.! நான் சொன்ன காரணம் தத்துவத்தில் சரி, அளவில் அற்பம்.

உண்மையான காரணம் சுவரில் இருக்கிறது. லாப்லாஸ் விதிப்படி, குழாய்ச் சுவரின் இழுவிசை என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி வருவது. அழுத்தம் மாறாமலே விட்டம் 2 செ.மீ.யிலிருந்து 5.5 செ.மீ. ஆனால் இழுவிசை 2.75 மடங்காகிறது. நைந்த சுவர் விரிகிறது. விரிந்ததால் இழுவிசை கூடுகிறது. கூடியதால் மேலும் விரிகிறது. அழுத்தத்தைக் குறைப்பது இந்தச் சுழலின் வேகத்தைத் தணிக்கும் என்பதால்தான் டாக்டர் மாத்திரையை வலியுறுத்துகிறார்.

மேதை ஐன்ஸ்டைனுக்கும் இதே நோய்தான். 1948-ல் டாக்டர் நிஸ்ஸன் அவருடைய புடைப்பைச் செலோஃபேன் தாளால் சுற்றிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தார். 1955 ஏப்ரலில் அது வெடித்தே அவர் மறைந்தார்.

அப்படியானால் ஓட்டத்தைக் கணக்கிட்டு என்ன பயன்? இருக்கிறது. சி.டி. ஸ்கேன் படங்களிலிருந்து ஒருவருடைய பெருந்தமனியின் வடிவத்தைக் கணிப்பொறியில் அமைத்து, அதைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு இதயத் துடிப்பையும் நுண்ணிய நேரத் துண்டுகளாக்கி, கட்டத்துக்குக் கட்டம் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். மழைக்கால ஆறு அகலும் இடத்தில், கரையோரம் நீர் சுழன்று மண்ணைப் படியவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? புடைப்புக்குள்ளும் அதே காட்சிதான். சுவரோரம் இரத்தம் மந்தமாகச் சுழல்கிறது. சுவரை உரசிச் செல்லும் விசை குறைந்து, திசையும் மாறி மாறி அலைகிறது. இத்தகைய இடங்களில் இரத்தம் உறைந்து படிவதும் சுவர் மேலும் நலிவதும் நிகழலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஆனால், சுவரின் தடிமனையும் வலிமையையும் ஸ்கேன் துல்லியமாகக் காட்டுவதில்லை. ஆகவே இன்றும் பெரும்பாலும் விட்டமே அளவுகோல். ஆண்களுக்கு 5.5 செ.மீ.யை எட்டினால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். பெண்களுக்கு 5 செ.மீ. போதும். 1990-ல் டாக்டர் பரோடி புவனோஸ் ஐரிஸ் நகரில் செய்துகாட்டிய வழியில், இன்று வயிற்றைத் திறக்காமலே தொடை வழியாகச் செயற்கைக் குழாயைச் செலுத்தவும் முடிகிறது.

மறுநாளே டோம்பிவிலிக்குப் போனேன். "அத்தான், நான் சொன்னது தப்பு" என்று கணக்கைக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சைபரை எங்கே வைக்கணும்னு தெரியாமலா முப்பது வருஷம் தண்ணி விட்டே?" என்றார். மாத்திரையை மறுபடி தொடங்கினார். நாற்பதாண்டு சிகரெட்டையும் விட்டார். இந்நோய்க்குப் புகைதான் பெரிய தோழன். சென்ற ஸ்கேனில் அளவு 4.4 செ.மீ. ஆண்டுதோறும் பார்த்து வருகிறோம்.

65 வயதைக் கடந்தவர்கள், குறிப்பாகப் புகைபிடித்த ஆண்களும் குடும்பத்தில் இந்நோய் கண்டவர்களும், ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். புடைப்பு உள்ளவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். என்னைப் போன்ற குழாய்க்காரர்களிடம் விளக்கம் கேட்பது அப்புறம் இருக்கட்டும்.