வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க: சாவி யார் கையில்?

 

சபுராளிகளின் வீட்டில் கேமரா மாட்டுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆண்கள் துபாயிலோ ரியாதிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள். வீட்டில் வயதான உம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வாசலில் யார் மணி அடித்தாலும் அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது பெரிய ஆறுதல்தான். ஆனால் கேமரா மாட்ட வந்தவர் வேலையை முடித்து, "காக்கா, இனி எங்கேயிருந்தும் பார்க்கலாம்" என்று சொல்லும்போது, "யாரெல்லாம் பார்க்கலாம்?" என்று நம்மில் பலர் திருப்பிக் கேட்பதில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படம் வெளியே போகும் வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கேமராக்களின் பதிவு, டிவிஆர் அல்லது என்விஆர் என்ற பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டி வீட்டு ரவுட்டரோடு இணைந்திருக்கிறது. ரவுட்டர் வாசல் காவலாளி மாதிரி. உள்ளேயிருந்து வெளியே போவதை விடும். யாரும் கூப்பிடாமல் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். எனவே துபாயில் இருப்பவர் பெட்டியைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காவலாளியிடம் சொல்லி ஒரு கதவை நிரந்தரமாகத் திறந்து வைப்பது. இதைப் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்பார்கள். மற்றது, பெட்டியே வெளியே போய்க் கம்பெனியின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்வது. போனில் உள்ள செயலியும் அதே சர்வரிடம் போகும். சர்வர் இரண்டையும் சேர்த்து வைக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து இணைப்பது இந்த இரண்டாவது முறைதான்.

முதல் வழி பழையது. இன்னும் சிலர் அதையே செய்து தருகிறார்கள். அது வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. திறந்த கதவு நமக்கு மட்டும் திறந்திருப்பதில்லை. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட கதவு திறந்திருக்கிறதா என்று ஒரே கம்ப்யூட்டரைக் கொண்டு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். "நம் சின்ன ஊரை யார் தேடி வரப்போகிறார்கள்" என்ற நினைப்புக்கு அன்றே முடிவு வந்துவிட்டது. யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. இயந்திரம் எல்லார் கதவையும் தட்டிக்கொண்டே போகிறது, திறப்பது திறக்கிறது.

தட்டியபின் என்ன நடக்கும் என்பதை 2016இல் உலகம் பார்த்தது. மிராய் என்ற தீய மென்பொருள் கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், ரவுட்டர்களுக்குள் புகுந்தது. அதனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் சுமார் 60ஐ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளையெல்லாம் ஏவிவிட்டு, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே பல மணி நேரம் முடக்கினார்கள். தங்கள் வீட்டுக் கேமரா அதில் பங்கெடுத்தது அதன் சொந்தக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. நம் நாட்டில் நடந்தது இதைவிட வேதனையானது. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா பதிவுகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள், இணையத்தில் விலைக்கு விற்கப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிவந்தது; போலீசார் பலரைக் கைது செய்தார்கள். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படமெடுத்துப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆனால் பரவிய படத்தைச் சட்டத்தால் திரும்ப அள்ள முடியுமா?

இனிச் செய்யும் முறை. கேமரா மாட்டுபவர் வீட்டில் இருக்கும்போதே இவற்றை முடித்துக்கொள்வது நல்லது. அவர் போனபின் கூப்பிட்டால் வருவதற்கு ஒரு வாரம் ஆகும்!

முதலில் பெட்டியின் கடவுச்சொல். இப்போது வரும் நல்ல பெட்டிகள் முதல் தடவை இயக்கும்போதே புதுக் கடவுச்சொல் கேட்கின்றன. ஆனால் மாட்டுபவர் தம் வசதிக்காகக் கடையின் வழக்கமான ஒன்றையே எல்லா வீட்டிலும் போட்டுவிடுவதுண்டு. ஒரே சாவி எத்தனை வீட்டைத் திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனவே வீட்டார் ஒருவரே உட்கார்ந்து, தம் கையாலேயே புதிதாக ஒன்றைப் போட வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்த நீளமான ஒன்று போதும். பெட்டி அவ்வளவு நீளத்தை ஏற்காவிட்டால், அது ஏற்கும் அளவுக்கு எழுத்தும் எண்ணும் கலந்து போடுங்கள். அதை வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல்லையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். ரவுட்டர் அமைப்பில் 'யுபிஎன்பி' என்று ஒன்று இருக்கும். நம்மைக் கேட்காமலே கருவிகள் கதவு திறந்துகொள்ள அனுமதிப்பது அது. அதை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்ததுதான் பலர் கவனிக்காத இடம். செயலியில் பெட்டியைச் சேர்க்கும்போது, அது ஒரு கணக்குக்குச் சொந்தமாகப் பதிவாகிறது. பெரும்பாலான கம்பெனிகளின் முறையில் சொந்தக்காரர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் 'பகிர்ந்து' கொடுக்க வேண்டும். மாட்டுபவர் தம் போனில் தம் கணக்கில் பெட்டியைச் சேர்த்து, நமக்குப் பகிர்ந்துவிட்டுப் போனால் என்ன ஆகும்? வீட்டுக்காரர் விருந்தாளி, வந்தவர் சொந்தக்காரர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் போன் தொலைந்தால், கடையில் வேலை பார்த்த பையன் மாறினால்? ஆகவே வீட்டார் போனில், வீட்டார் எண்ணுக்கு ஓடிபி வரவழைத்துக் கணக்குத் தொடங்கி, அதில்தான் பெட்டியைச் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வேறு கணக்கில் இருந்தால் அவரைக் கொண்டே அங்கிருந்து நீக்கச் சொல்லுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வெளிநாட்டில் இருப்பவருக்குப் பகிரும்போது 'நேரலை பார்க்க மட்டும்' என்று அனுமதியைக் குறைத்துக் கொடுக்கலாம். எந்தெந்தக் கேமரா என்பதையும் தேர்ந்தெடுக்கலாம். மச்சான், கொழுந்தன் என்று பட்டியல் நீள விடாதீர்கள். சொந்தக்காரர் கணக்கு வீட்டில் இருக்கும் பெண்ணின் போனில் இருப்பதே சரி என்பது என் கருத்து. படத்தில் வருபவர் அவர். பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்ததே. வாசல், கேட், மாடிப்படி, பின்வாசல் போதும். ஹாலில் வைப்பதானால் வீட்டுப் பெண்களைக் கேட்காமல் வைக்காதீர்கள். அடுத்தவர் வீட்டில் அனுமதி கேட்டு நுழைவது மட்டுமல்ல, நம் வீட்டுப் பிள்ளைகளும் பணியாளர்களும்கூட மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே வர வேண்டும் என்று சூரா அந்நூர் கற்றுத் தருகிறது. ஹாலில் உள்ள கேமரா யாரிடமும் எந்த நேரத்திலும் அனுமதி கேட்காது. எதிர்வீட்டு முற்றமும், பெண்கள் புழங்கும் முடுக்கும் படத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் கோணத்தைத் திருப்புங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு.

படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று புகார் சொல்பவர்கள், வீட்டு இணைப்பின் அப்லோடு வேகத்தை விசாரியுங்கள். பிளான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகத்தைத்தான். செயலியில் தரத்தைக் குறைத்தால் அரை எம்பிபிஎஸ் இருந்தாலே படம் ஓடும். அந்த அளவில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் 225 எம்பி டேட்டா செலவாகும். கரண்ட் போனால் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்தே நிற்கும். இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் துபாயில் இருப்பவர் பதறிப்போய் நள்ளிரவில் போன் போடுவார்.

எல்லாம் முடிந்ததும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே பார்த்தால், வெளியிலிருந்து தெரிகிறதா என்று அறிய முடியாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகிர்ந்தவர்கள் பட்டியலைத் திறந்து, வேண்டாதவர்களை நீக்குங்கள். பெட்டிக்கு அப்டேட் வந்திருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் முதலில் கணக்கிலிருந்து நீக்கி, உள்ளேயிருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விலையில் கொஞ்சம் குறைப்பார்கள், குறைக்கட்டும்.