உலகக் கிண்ண இறுதியாட்டம்: விதியறிந்து பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

2026ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தொடரின் இறுதியாட்டம் ஜூலை 19ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஈஸ்ட் ரதர்ஃபோர்ட் நகரிலுள்ள மெட்லைஃப் விளையாட்டரங்கில் நடைபெறவுள்ளது. அங்கு பிற்பகல் 3 மணி ஆகும்போது பிரித்தானியாவில் இரவு 8 மணி. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகள் இணைந்து நடத்தும் இத்தொடரில் முதன்முறையாக 48 அணிகள் பங்குகொள்கின்றன. மொத்த ஆட்டங்கள் 104. முன்னைய தொடர்களில் கிண்ணத்தை வெல்லும் அணி ஏழு ஆட்டங்கள் ஆடியது. இம்முறை எட்டு ஆட வேண்டும். அந்த எட்டாவது ஆட்டமே இறுதியாட்டம்.

இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தின் விதிகளைப் பள்ளியிலேயே கற்றுக்கொள்கின்றனர். பெரியோர் பலருக்கோ கிரிக்கெட் பழக்கமான அளவுக்கு இவ்விளையாட்டு பழக்கமானதன்று. கோல் விழுவதைக் காண்பதற்கு விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும், விழுந்த கோல் ஏன் மறுக்கப்பட்டது, ஆட்டத்தின் போக்கே மாறும் வகையில் ஒருவர் ஏன் வெளியேற்றப்பட்டார் என்பவற்றை விளங்கிக்கொள்ள விதியறிவு வேண்டும். கடந்தகால இறுதியாட்டங்கள் சில ஒரே ஒரு விதியின் பொருள்கோளைச் சுற்றியே சுழன்றன. விதியை அறிந்தவர் தோல்வியின் காரணத்தை விளங்கிக்கொள்வார். அறியாதவர் பழிசுமத்த ஓர் ஆளைத் தேடுவார். இந்த வேறுபாடு இந்நாட்டில் எத்துணை முக்கியமானது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

விதிகளை ஆக்குவோர் யார்?

உதைபந்தாட்டத்திற்கு 17 விதிகள் உள்ளன. அவற்றை ஆக்கவும் திருத்தவும் அதிகாரம் கொண்டது 1886இல் நிறுவப்பட்ட சர்வதேச உதைபந்தாட்டச் சங்கச் சபை. அதில் எட்டு வாக்குகள் உண்டு. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் சங்கங்களுக்குத் தலா ஒரு வாக்கு. உலகச் சம்மேளனமான பீஃபாவுக்கு நான்கு வாக்குகள். ஒரு திருத்தம் நிறைவேற ஆறு வாக்குகளாவது வேண்டும். ஆகவே பீஃபா தனித்து எதையும் மாற்ற இயலாது. பிரித்தானியச் சங்கங்கள் நான்கும் ஒன்றுசேர்ந்தாலும் இயலாது.

ஆட்டத்தின் போது நிகழும் செயல்கள் தொடர்பில் நடுவரின் தீர்ப்பே இறுதியானது என்பது ஐந்தாம் விதியின் சாரம். பிற விதிகள் அனைத்தும் இதன் கீழேயே இயங்குகின்றன.

எது கோல்?

பந்து முழுவதும் கோல் கோட்டை முழுமையாகக் கடந்தாலன்றி அது கோல் ஆகாது. பந்தின் ஒரு சிறு விளிம்பு கோட்டின் மேல் நின்றாலும் கோல் இல்லை. எளிய விதிபோல் தோன்றும் இதுவே உலகக் கிண்ண வரலாற்றில் மிக நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தது. 1966இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும் மோதிய இறுதியாட்டத்தின் மேலதிக நேரத்தில் ஜெஃப் ஹேர்ஸ்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கீழே வீழ்ந்து வெளியே துள்ளியது. சுவிற்சர்லாந்து நடுவர் கொட்ஃபிரீட் டீன்ஸ்ட், கோட்டு நடுவரான அஸர்பைஜானின் தோஃபிக் பஹ்ராமோவிடம் வினவிக் கோல் வழங்கினார். இங்கிலாந்து 4-2 என வென்றது. பந்து கோட்டைக் கடந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

2010இல் தென்னாபிரிக்காவில் அதே இரு நாடுகளும் மோதிய ஆட்டத்தில் நேர்மாறான நிகழ்வு ஏற்பட்டது. இங்கிலாந்தின் ஃபிராங்க் லம்பார்ட் உதைத்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டைத் தெளிவாகக் கடந்தும் கோல் வழங்கப்படவில்லை. இதன் பின்னர் 2014 உலகக் கிண்ணத்தில் கோட்டுத் தொழில்நுட்பம் அறிமுகமானது. பந்து கோட்டைக் கடந்தவுடன் நடுவரின் கைக்கடிகாரம் அதிர்ந்து அறிவிக்கும். எனவே, 1966இல் எழுந்த ஐயம் இவ்வாண்டு இறுதியாட்டத்தில் எழ வாய்ப்பு மிகக் குறைவு.

ஓஃப்சைட்

புதிதாகப் பார்ப்போரை மிகுதியும் குழப்பும் விதி இது. தாக்கும் அணி வீரர் ஒருவர் எதிரணியின் பாதியில் நிற்கும்போது, பந்தைவிடவும், எதிரணியின் கடைசிக்கு முந்திய வீரரைவிடவும் கோல் கோட்டுக்கு அருகில் இருந்தால் அவர் ஓஃப்சைட் நிலையில் இருக்கிறார். கோல் காப்பாளரும் எதிரணி வீரராகவே கணக்கிடப்படுவார். பெரும்பாலும் காப்பாளரே கடைசி ஆளாக நிற்பதால், அவருக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளரைக் கவனித்தால் போதும்.

மூன்று செய்திகளை நினைவிற் கொள்க. முதலாவது, வீரர் எங்கே நின்றார் என்பது, அவருடைய சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில் பார்க்கப்படும். பந்து வந்து சேரும் கணத்தில் அன்று. இரண்டாவது, அந்நிலையில் நிற்பது மட்டும் குற்றமாகாது. அங்கிருந்து பந்தை ஆடினாலோ, எதிரணி வீரருக்கு இடையூறு செய்தாலோதான் குற்றம். மூன்றாவது, கைகள் கணக்கில் சேரா. தலை, உடல், கால் ஆகியவையே அளவிடப்படும்.

காணொளி உதவி நடுவர்

கிரிக்கெட் பார்த்துப் பழகியோர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை உணர்தல் நன்று. கிரிக்கெட்டில் அணித்தலைவர் மீளாய்வு கோரலாம். உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் வீரர்களுக்கு அவ்வுரிமை இல்லை. ஆட்டம் முழுவதையும் காணொளி உதவி நடுவர் தாமாகவே கண்காணிப்பார். கோல், பெனல்டி, நேரடிச் சிவப்பு அட்டை, தவறான ஆளுக்கு அட்டை காட்டுதல் ஆகியவையே அவர் முதன்மையாகத் தலையிடும் விடயங்கள். அவற்றிலும் கள நடுவரின் தீர்ப்பில் தெளிவான, வெளிப்படையான பிழை இருந்தால் மட்டுமே தலையிடுவார். ஐயத்துக்கிடமான தீர்ப்பு, ஐயத்துக்கிடமானது என்பதற்காக மாற்றப்படுவதில்லை. மேல்நீதிமன்றம் கீழ்நீதிமன்றத்தின் தீர்ப்பில் எளிதில் கைவைப்பதில்லை என்ற கோட்பாட்டை இது ஒத்தது. முடிவெடுக்கும் பொறுப்பு இறுதிவரை கள நடுவருடையதே.

2018இல் மொஸ்கோவில் பிரான்சும் குரோஷியாவும் மோதிய இறுதியாட்டத்தில் இம்முறை முதன்முதலாக ஓர் இறுதியாட்டத்தின் போக்கை மாற்றியது. ஆட்டம் 1-1 என்றிருக்கையில், குரோஷியாவின் இவான் பெரிசிச்சின் கையில் பந்து பட்டது. நடுவர் நெஸ்டர் பிட்டானா திரையில் பார்த்தபின் பெனல்டி வழங்கினார். பிரான்ஸ் முன்னிலை பெற்று, முடிவில் 4-2 என வென்றது. பந்து கையிற் படுவதெல்லாம் குற்றமன்று. கை வேண்டுமென்றே பந்தை நோக்கிச் சென்றதா, உடலின் பரப்பை இயல்புக்கு மாறாக அகலமாக்கியதா என்பன ஆராயப்படும். அதனாலேயே ஒரே காட்சியைக் கண்ட இருவர் நேர்மையாகவே வேறுபட்ட முடிவுக்கு வரக்கூடும்.

2023 மகளிர் உலகக் கிண்ணத்தில், மீளாய்வின் பின் நடுவர் தமது முடிவை ஒலிவாங்கி மூலம் அரங்கில் அறிவிக்கும் வழக்கம் பின்பற்றப்பட்டது. தீர்ப்புக்குக் காரணம் கூறப்பட வேண்டும் என்ற நெறியின் ஒரு கூறு இது.

இவ்வாண்டு கவனிக்க வேண்டிய மாற்றங்கள்

கோல் காப்பாளர் பந்தைக் கையில் எட்டு வினாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்கு மூலை உதை வழங்கப்படும். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் மூன்று நிமிட நீரருந்தும் இடைவேளை உண்டு. இறுதியாட்டத்தின் இடைவேளையில் இசை நிகழ்ச்சி ஒன்றும் இடம்பெறவுள்ளதால் அது வழக்கமான 15 நிமிடங்களைவிட நீளக்கூடும்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால்

90 நிமிடங்களின் முடிவில் சமநிலை நிலவினால், தலா 15 நிமிடங்கள் கொண்ட இரு மேலதிகப் பகுதிகள் ஆடப்படும். அதன் பின்னும் சமநிலையெனில் பெனல்டி உதைகள். 11 மீற்றர் தொலைவிலிருந்து ஒவ்வோர் அணியும் ஐந்து முறை உதைக்கும். ஐந்தின் முடிவிலும் சமநிலை நீடித்தால், ஓர் அணி கோல் அடித்து மற்றது தவறவிடும் வரை ஒவ்வொன்றாகத் தொடரும். மேலதிக நேரத்தின் முடிவில் களத்தில் நின்றோர் மட்டுமே உதைக்கலாம்.

ஆடவர் உலகக் கிண்ண இறுதியாட்டங்கள் மூன்று இவ்வாறு முடிந்துள்ளன: 1994, 2006, 2022. 2006இல் பேர்லினில் பிரான்சின் ஸினடின் ஸிடான் மேலதிக நேரத்தில் இத்தாலி வீரரைத் தலையால் மோதிச் சிவப்பு அட்டை பெற்றார். அதனால், அதே ஆட்டத்தில் பெனல்டியொன்றைக் கோலாக்கியிருந்த அவர், கிண்ணத்தைத் தீர்மானித்த உதைகளின் போது களத்தில் இல்லை. 2022இல் கட்டாரில் ஆர்ஜென்டீனாவும் பிரான்சும் 3-3 எனச் சமநிலை கண்டன. பிரான்சின் கிலியன் எம்பாப்பே மூன்று கோல்கள் அடித்தும் ஆர்ஜென்டீனா பெனல்டியில் 4-2 என வென்றது.

தீர்ப்புக்குப் பின்

2021 ஜூலை 11ஆம் திகதி வெம்ப்ளியில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் 1-1 என முடிந்து, பெனல்டியில் இத்தாலி 3-2 என இங்கிலாந்தை வென்றது. இங்கிலாந்தின் மார்க்கஸ் ரஷ்ஃபோர்ட் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது. ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா ஆகியோரின் உதைகள் தடுக்கப்பட்டன. சாகாவுக்கு அப்போது வயது 19. மூவரும் கறுப்பின இளைஞர்கள். அன்றிரவே சமூக ஊடகங்களில் அவர்கள்மீது இனவெறி வசைகள் பொழியப்பட்டன. வெற்றி பெற்றபோது ‘நம்மவர்’ எனக் கொண்டாடப்பட்டோர், ஓர் உதை தவறியதும் அந்நியராக்கப்பட்டனர்.

குடிபெயர்ந்து வந்து இந்நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் எந்தச் சமூகத்துக்கும் இந்நிகழ்வு தொலைவிலுள்ள செய்தியன்று. ‘நான் இந்நாட்டவனா?’ என்ற வினாவைப் பிள்ளைகள் இத்தகைய இரவுகளில் உரக்கக் கேட்காமலே கேட்கின்றனர். மன்செஸ்டரின் விதிங்டன் பகுதியிலிருந்த ரஷ்ஃபோர்டின் சுவரோவியம் சிதைக்கப்பட்டபோது, அப்பகுதி மக்கள் அன்பும் நன்றியும் தெரிவிக்கும் குறிப்புகளால் அச்சுவரை நிரப்பினர். இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். சாகா மீண்டும் உதைக்க வந்தார் என்பதையும் சொல்லுதல் வேண்டும். 2024 ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் சுவிற்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து பெனல்டியில் வென்றபோது, கோலாக்கிய ஐவரில் அவரும் ஒருவர்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. உதைபந்தாட்டம் தொடர்பான இனவெறி வசையை இணையத்தில் எழுதிக் குற்றவாளியாகக் காணப்படுவோருக்கும் மைதானத் தடைக் கட்டளை விதிக்க 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழிசெய்தது. இக்கட்டளை அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். ஆட்ட இரவில் எவரேனும் வெறுப்புக் குற்றத்துக்கு உள்ளானால், உடனடி ஆபத்தெனில் 999 என்ற எண்ணிலும், மற்றைய வேளைகளில் 101 என்ற எண்ணிலும் பொலிஸாருக்கு அறிவிக்கலாம். வசையின் திரைப்பிரதியை அழிக்காமல் வைத்திருத்தல் சான்றாகப் பயன்படும்.

வீட்டிலிருந்து பார்ப்போர் கவனத்துக்கு

இத்தொடரைப் பிரித்தானியாவில் ஒளிபரப்பும் உரிமை பிபிசி, ஐடிவி ஆகியவற்றிடம் உள்ளது. எந்த அலைவரிசையிலாயினும், கைபேசியிலாயினும் நேரலையாகப் பார்ப்பதற்குத் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரம் தேவை. பிபிசி ஐபிளேயரில் எதைப் பார்ப்பதற்கும் அது தேவை. ஓய்வூதிய வரவு எனப்படும் பென்ஷன் கிரெடிட் பெறும் 75 வயதுக்கு மேற்பட்டோர் இதனை இலவசமாகப் பெற விண்ணப்பிக்கலாம்.

மேலதிக நேரமும் பெனல்டியும் நிகழ்ந்தால் ஆட்டம் இரவு 11 மணியைத் தாண்டக்கூடும். இரவு 11 முதல் காலை 7 வரை மிகையான ஒலி குறித்த முறைப்பாடுகளின்மேல் நகரசபை நடவடிக்கை எடுக்கலாம். அந்நேரத்தில் பட்டாசு கொளுத்துதல் சட்டவிரோதம். மறுநாள் திங்கட்கிழமை ஆதலால், அயலவர் பலர் வேலைக்குச் செல்ல வேண்டியவர்கள். விருந்தினரை அழைப்போர் அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் நன்று. அவர்களையும் அழைத்தல் இன்னும் நன்று.

குடும்பத்தினர் கலந்துரையாட மூன்று வினாக்கள்

1. பந்தில் பெரும்பகுதி கோட்டைக் கடந்துவிட்டது. எஞ்சிய சிறுபகுதி கோட்டின் மேல் உள்ளது. கோல் உண்டா?
விடை: இல்லை. பந்து முழுவதும் கடந்திருக்க வேண்டும்.

2. ஓஃப்சைட் நிலையில் நின்றவரிடம், பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியப்பட்ட பந்து நேராக வந்தது. அவர் அதைக் கோலாக்கினார். செல்லுமா?
விடை: செல்லும். பந்தெறிதல், மூலை உதை, கோல் உதை ஆகியவற்றிலிருந்து நேராகப் பந்தைப் பெறுவோருக்கு ஓஃப்சைட் விதி பொருந்தாது.

3. கடைசிப் பெனல்டியைத் தவறவிட்டவர்தான் தோல்விக்குக் காரணமா?
விடை: இதற்கு விதிநூலில் விடை இல்லை. 120 நிமிடங்களில் அவ்வணி தவறவிட்ட வாய்ப்புகள் எத்தனை என எண்ணிப் பார்த்தபின், இவ்வினாவைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.