மலை மண்ணின் சிற்றுண்ணிகளை இனங்காணல்

நீலகிரி போன்ற மலைகளில், மக்கும் இலைகளினடியில் வாழும் சிற்றுண்ணிகள் பூச்சியினத்தைச் சேர்ந்தவையல்ல. வளர்ந்தவற்றிற்குக் கால்கள் எட்டு, குஞ்சுகட்கு ஆறு. இவற்றைச் சேகரிக்க 1905-ல் இத்தாலிய சாஸ்திரியார் பெர்லேசி வகுத்த புனலே ஏற்றது. சல்லடை பொருத்திய புனலில் மண்ணைப் பரப்பி மேலே விளக்கை வைப்பின், வெப்பத்திற்கும் உலர்ச்சிக்கும் ஒதுங்கி அவை கீழேயுள்ள சாராயக் குப்பியில் விழும்.

பூதக்கண்ணாடியில் நோக்குங்கால், கரும்பழுப்பான கடின ஓடு மூடிச் சிறு வண்டு போல் தோன்றுவன ஒரிபாட்டிட் வகுப்பின. மக்கையும் பூஞ்சணத்தையும் தின்னும் இவற்றால் மண்ணிற்குப் பெரும்பாலும் நன்மையே. நீண்ட கால்களும் வெளிறிய பழுப்பு மேனியும் உடையவற்றுட் பல, பிற நுண்ணுயிர்களைப் பிடித்துண்பவை.

எனினும், ஒரிபாட்டிட்டுகளுட் சில ஆட்டு நாடாப்புழுவின் முட்டையை விழுங்கித் தம்முடலில் வளர்ப்பன. இதனை 1937-ல் அமெரிக்க சாஸ்திரியார் ஸ்டங்கார்டு நிறுவினார். ஈரமுள்ள அதிகாலையில் அவை புல்லின்மீது ஏறும். ஆதலின் ஆட்டுக்குட்டிகளைப் பனி உலர்ந்தபின் மேய விடுதல் நலம்.